ரூசவெல்ட் ஏரியில் பாஸ் மீன் பிடிக்க எந்த மாதம் போகலாம்?

அரிசோனாவில் பீனிக்ஸ் அருகே சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு பாஸ் மீன் பிடிக்கும் ஆசை வந்தால் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள்: எந்த ஏரி, எந்த கைடு (தன் படகில் கூட்டிப்போய் மீன் பிடிக்க வழிகாட்டுபவர்). மாதத்தைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும், அதுவும் ஆபீஸில் லீவு கிடைப்பதைப் பொறுத்து. நான் மாதத்தை முதலில் முடிவு செய்யச் சொல்வேன். பாலைவனத்து நீர்த்தேக்கத்தில் மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். மார்ச்சில் இடுப்பளவுத் தண்ணீரில் மீன் எடுத்த கரையோரத்தில் ஜனவரியில் நாள் முழுக்கத் தூண்டில் போட்டாலும் ஒன்றும் தொடாது. மீனெல்லாம் உள்ளே நாற்பது அடி ஆழத்தில் போய்ப் படுத்திருக்கும். கைடு அதே ஆள்தான், படகும் அதேதான். உங்கள் நாள் மட்டும் வேறு மாதிரி இருக்கும்.

ஏழு வருடமாக ரூசவெல்ட் ஏரிக்குப் போய் வருகிறேன். முதல் மூன்று வருடம் கைடு இல்லாமல் போனதே இல்லை. நான்கு பருவத்தையும் பார்த்துவிட்டதால், யாருக்கு எது பொருந்தும் என்று சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஏரியைப் பற்றிக் கொஞ்சம். சால்ட் ஆறும் டோன்டோ ஓடையும் சேரும் இடத்தில் கட்டிய அணையால் உண்டான ஏரி இது. அணையை 1911-ல் முன்னாள் அமெரிக்க அதிபர் தியடோர் ரூசவெல்ட்டே வந்து திறந்து வைத்தார். அப்போது அது கல் கட்டுமானம். 1996-ல் முடிந்த வேலையில் அதன் மேல் கான்கிரீட் போர்த்தி 77 அடி உயர்த்தினார்கள். முழுக்க அரிசோனா எல்லைக்குள் இருக்கும் ஏரிகளில் இதுதான் பெரியது. ஆனால் இந்தத் தண்ணீர் மீனுக்காகத் தேக்கியது இல்லை. பீனிக்ஸ் பள்ளத்தாக்கின் வயலுக்கும் குழாய்க்கும் போகிற தண்ணீர். கிழக்கே மலையில் பெய்த பனி உருகி வந்தால் ஏறும், கோடையில் திறந்துவிட இறங்கும். 2002 வறட்சியில் ஏரி அடி தெரிகிற அளவுக்கு வற்றியது. 2023-ல் குளிர்கால மழை கொட்டியதில் நிரம்பி நின்றது. வற்றிய வருடங்களில் காய்ந்த தரையில் முளைத்த புதரும் மெஸ்கீட் மரமும் தண்ணீர் ஏறும்போது மூழ்கிப்போகும். குஞ்சு மீனுக்கு அதுதான் ஒளிவிடம், அங்கேயே தீனியும் கிடைக்கும். அதனால்தான் ஏரி நிரம்பிய வருடத்துக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து மீன்பிடி சூடுபிடிக்கும்.

பாஸ் மீனை நம் ஆட்களுக்குப் புரியவைக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி, விராலைச் சொல்வது. உறவு ஒன்றும் கிடையாது, ஆனால் குணம் அதேதான். புதருக்குள் ஒளிந்திருந்து, பக்கத்தில் எது நீந்தினாலும் ஒரே பாய்ச்சலில் விழுங்கும். விரால் பார்ப்போடு இருக்கும்போது எப்படிக் காவல் காக்குமோ, ஆண் பாஸும் தன் முட்டையையும் குஞ்சையும் அப்படிக் காக்கும். இந்தக் காவல் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வசந்த காலத்தைப் பற்றி நான் சொல்லப்போவது அதைச் சார்ந்துதான்.

எந்த கைடைக் கேட்டாலும் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் என்றுதான் சொல்வார். பொய்யில்லை. தண்ணீர் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டத் தொடங்கியதும் ஆழத்தில் கிடந்த மீன் கரையை நோக்கி வரும். 60-ஐத் தாண்டினால் முட்டையிட இடம் தேடும். வயிறு நிறையச் சினையோடு, வருடத்திலேயே அதிக எடையோடு பெண் மீன்கள் கரையோரம் வருவது இந்த ஆறேழு வாரத்தில்தான். ஐந்து பவுண்டுக்கு மேல் ஒரு மீனைக் கையில் ஏந்திப் படம் எடுக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் வேறு யோசனையே வேண்டாம், இந்தப் பருவம்தான்.

ஆனால் இந்தப் பருவத்தையும் நான் இரண்டாகப் பிரிப்பேன். முட்டையிடுவதற்கு முன், அதாவது பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரை ஒன்று. முட்டையிட்ட பிறகு இன்னொன்று. இரண்டாவதற்கு நான் இப்போது போவதில்லை. காரணம், ஒரு ஏப்ரல் காலையில் பார்த்தது.

கரையோரம் மூன்றடித் தண்ணீர், கண்ணாடி மாதிரி தெளிவு. சரளைக்கல் தரையில் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளுத்த ஒரு வட்டம். வாலால் விசிறிச் சேற்றை ஒதுக்கிய கூடு அது. மேலே ஆண் மீன் நின்றது, செவுள் மட்டும் அசைந்தது. கைடு ரப்பர் இரையை வட்டத்துக்குள் இறக்கச் சொன்னார். மீன் அதை வாயில் கவ்வி, ஓரமாகக் கொண்டுபோய்த் துப்பிவிட்டுத் திரும்பி வந்து நின்றது. பசியில் கவ்வியது இல்லை, கூட்டைச் சுத்தம் செய்கிறது. இரண்டாவது முறையும் அதேதான். மூன்றாவது முறை நான் சட்டென்று இழுத்தேன், முள் ஏறிவிட்டது. படகில் தூக்கி, முள்ளைக் கழற்றி, படம் எடுத்துத் தண்ணீரில் விடுவதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் அந்த வட்டத்தில் நாலைந்து ப்ளூகில் மீன்கள் தலையைக் கவிழ்த்து முட்டையைக் கொத்திக்கொண்டிருந்தன.

சட்டம் இதைத் தடுக்கவில்லை. இப்படிப் பிடிப்பதால் ஏரியின் மொத்த மீன்வளம் குறைந்துவிடாது என்று சொல்லும் மீனியலாளர்களும் உண்டு. இருக்கலாம். எனக்கு அந்த நாளுக்குப் பிறகு மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான். வசந்தத்தில் போகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: புக் செய்யும்போதே, “கூட்டில் இருக்கும் மீனைப் பிடிக்க வேண்டாம்” என்று கைடிடம் சொல்லுங்கள். நல்ல கைடு வேறு இடத்துக்குக் கூட்டிப்போவார். முட்டையிடாத மீன் அந்த வாரத்திலும் நிறைய இருக்கும்.

வசந்தத்தின் இன்னொரு பிரச்சினை காற்று. காலையில் எண்ணெய் ஊற்றியது மாதிரி இருக்கும் ஏரி, பதினோரு மணிக்கு மேல் நுரை தள்ளும். வாரக்கடைசிப் போட்டிகளும் இந்த மாதங்களில்தான் அதிகம். படகு இறக்கும் இடத்தில் விடியற்காலை நான்கரைக்கே வண்டிகள் வரிசையில் நிற்கும். முடிந்தால் செவ்வாய், புதன் பாருங்கள்.

கோடையை யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். 2023-ல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரியைத் தொட்டது, அதாவது 43 செல்சியஸுக்கு மேல். ரூசவெல்ட் பீனிக்ஸைவிட ஆயிரம் அடி உயரத்தில் இருப்பதால் சற்றுக் குறையும், அதை நம்பிப் பகல் பன்னிரண்டு மணிக்குப் படகில் நிற்க முடியாது. ஆனால் கோடையில் ராத்திரி என்று ஒரு விஷயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஏரியில் மறக்கவே முடியாத அனுபவம் அதுதான்.

ஜூனில் மாலை ஆறரைக்குப் படகு ஏறினால் நள்ளிரவு தாண்டித் திரும்பலாம். பகலில் வெயிலுக்கும் படகுச் சத்தத்துக்கும் பயந்து ஆழத்தில் கிடந்த மீன், இருட்டியதும் பாறைத் திட்டுகளுக்கு ஏறி வரும். கைடு படகின் ஓரத்தில் ஊதா விளக்கு ஒன்றைப் பொருத்துவார். அந்த வெளிச்சத்தில் தூண்டில் நரம்பு நீல நிறத்தில் கயிறு மாதிரி தடிமனாக ஒளிரும். சுற்றிலும் கும்மிருட்டு, கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு கோடு மட்டும். நுனியில் பத்து அங்குலக் கறுப்பு ரப்பர் புழு, எங்கோ பாறை மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். மீன் கவ்வுவது கைக்குத் தெரிவதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும்: தளர்வாகக் கிடந்த நீலக் கோடு ஒரு துள்ளு துள்ளிப் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். அந்த ஒரு நொடிக்காக நான் ஒவ்வொரு ஜூனிலும் போகிறேன்.

யாருக்கு இது ஒத்துவராது என்றும் சொல்லிவிடுகிறேன். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். முதன்முதலாகத் தூண்டில் பிடிக்கிறவர்களுக்கும் வேண்டாம், இருட்டில் சிக்கல் எடுப்பதிலேயே ராத்திரி போய்விடும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே பருவமழைக் காலம் என்று வானிலைத் துறை கணக்கு வைத்திருக்கிறது. ஜூலை பிறந்தாலே மாலையில் இடியும் மின்னலும் புழுதிப் புயலும் வரும், திறந்த ஏரி நடுவில் அது விளையாட்டு இல்லை. அதனால் கோடை ராத்திரி என்றால் ஜூன் முதல் இரண்டு வாரம்தான் என் கணக்கு. காட்டுத்தீயையும் பார்க்க வேண்டும். 2020 ஜூனில் ‘புஷ்’ என்று பெயரிட்ட காட்டுத்தீ பரவியபோது ஏரிக்குப் போகும் 188-ஆம் நெடுஞ்சாலையையே மூட வேண்டியிருந்தது. அப்புறம், வெந்நீர் மாதிரி இருக்கும் மேல்தண்ணீரில் மீனை அதிக நேரம் கையில் வைத்திருந்தால் விட்ட பிறகும் பிழைக்காது. கோடையில் போட்டோவைச் சுருக்கமாக முடித்துவிடுங்கள்.

குளிர்காலத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். டிசம்பர், ஜனவரியில் ஏரி வெறிச்சென்று இருக்கும், கைடுகளிடம் தேதி சுலபமாகக் கிடைக்கும். மீன் ஆழத்தில், சோம்பலாக. நாள் முழுக்க மூன்று மீன் என்றால் நல்ல நாள். நாற்பது அடியிலிருந்து ஏற்றும் மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடும். கைடு ஊசியால் குத்திக் காற்றை இறக்கித்தான் தண்ணீரில் விட வேண்டும், இல்லையென்றால் வயிறு மேலாக மிதக்கும். ஆழத்தில் இருக்கும் மீனைக் காட்டும் சோனார் திரையைப் படிக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல பருவம் இல்லை, கைடும் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித்தருவார். மற்றவர்களுக்கு அலுத்துவிடும்.

இலையுதிர் காலத்துக்கு வருகிறேன். குடும்பத்தோடு முதல் முறை போக நான் சொல்வது இதைத்தான்: அக்டோபர் மூன்றாவது வாரத்திலிருந்து நவம்பர் நடு வரை. தண்ணீர் குளிர ஆரம்பித்ததும் ஷாட் என்ற வெள்ளிநிறப் பொடிமீன் கூட்டம் கூட்டமாகக் குடாக்களின் உள்மூலைக்குப் போகும். பாஸ் பின்னாலேயே போகும். காலை ஏழு மணிக்கு ஒரு குடாவுக்குள் மோட்டாரை அணைத்துவிட்டு நின்றால், திடீரென்று இருபதடி வட்டத்துக்குத் தண்ணீர் கொதிக்கிற மாதிரி பொங்கும். பொடிமீன் கைப்பிடி நாணயத்தை வீசினாற்போல் தெறிக்கும். அதற்குள் எதைப் போட்டாலும் கவ்வும், எறிவது குறி தப்பினாலும் பரவாயில்லை. மீன் பெரிதாக இருக்காது, ஒன்றரை இரண்டு பவுண்டு. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு எடை முக்கியமில்லை, நரம்பு இழுபட வேண்டும், அடிக்கடி இழுபட வேண்டும். பகலில் ஸ்வெட்டரும் வேண்டாம், விசிறியும் வேண்டாம்.

அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவரை அழைத்துப்போனதும் நவம்பர் முதல் வாரத்தில்தான். சிவகங்கைப் பக்கக் கண்மாயில் மூங்கில் கம்பும் தக்கையும் வைத்து மீன் பிடித்தவர். படகில் சுழல் நாற்காலி மாதிரி இருந்த முன் இருக்கையில் உட்கார வைத்தோம். கரையெல்லாம் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு சாகுவாரோ கள்ளி நிற்பதைப் பார்த்து, “கள்ளிக்காட்டுல இவ்வளவு தண்ணியாடா?” என்றார். பதினொரு மீன் பிடித்தார். ஒவ்வொன்றையும் கைடு தண்ணீரில் விட்டபோது அவருக்குப் பொறுக்கவில்லை. “புடிச்சத எதுக்குடா விடுறான், கொழம்புக்கு ஆகாதா?”

நியாயமான கேள்வி, நம்மில் பலருக்கும் வருவது. அனுமதித்த எண்ணிக்கைக்குள் பாஸை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பெரும்பாலான பாஸ் கைடுகள் தங்கள் படகில் பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்ற கொள்கை வைத்திருப்பார்கள், முன்பே கேட்டுவிடுங்கள். வேட்டையாடும் பெரிய மீனில் பாதரசம் சேரும் என்பதால் மாநிலச் சுற்றுச்சூழல் துறை ஏரி வாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது, சமைக்கும் முன் அதையும் பாருங்கள். குழம்புக்குத்தான் போகிறீர்கள் என்றால் பாஸ் பயணமே வேண்டாம். இதே ரூசவெல்ட்டில் க்ராப்பி பிடிக்கக் கூட்டிப்போகும் கைடுகள் இருக்கிறார்கள். வறுவலுக்கு அந்த மீன் அருமையாக இருக்கும்.

வேறு ஏரிகளோடு ஒப்பிட்டால்? சாகுவாரோ ஏரி நமக்குப் பக்கம், ஒரு மணி நேரம் போதும். குளிர்காலத்தில் அங்கே ட்ரவுட் விடுவதால் அதைத் தின்று கொழுத்த பாஸ் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. கோடை வாரக்கடைசியில் உல்லாசப் படகு நெரிசல் தாங்காது. அதற்கு மேலே இருக்கும் கேன்யன் ஏரியில்தான் 1997-ல் பதினாறு பவுண்டைத் தாண்டிய மாநிலச் சாதனை மீன் கிடைத்தது. ஆனால் சாதனை மீனை நம்பி முதல் பயணத்தை வைக்கக்கூடாது. மேற்கே இருப்பவர்களுக்கு ப்ளெசன்ட் ஏரி. கொலராடோ ஆற்றுத் தண்ணீரைக் குளிர்காலத்தில் கால்வாய் வழியாக ஏற்றிக் கோடையில் இறக்குவதால் அங்கே வசந்தத்தில் மட்டம் உயர்ந்தும் இலையுதிர் காலத்தில் தாழ்ந்தும் இருக்கும். அந்தக் கால்வாய் வழியாகவே வந்து சேர்ந்த ஸ்ட்ரைப்பர் மீன்தான் அதன் பெரிய ஈர்ப்பு. வெண்தலைக் கழுகு கூடுகட்டும் மாதங்களில் ஒரு பகுதிக்குள் படகு விட மாட்டார்கள். ஹவாசு ஏரிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும், ஆனால் மட்டம் அதிகம் ஏறி இறங்காது, ஸ்மால்மவுத் என்ற வகை பாஸுக்கு அருமையான இடம். பவல் ஏரிக்கு இரண்டு ராத்திரி தங்குகிற திட்டம் இருந்தால் மட்டும் போங்கள். ஒரே நாளில், பெரிய தண்ணீரில், மீன் எண்ணிக்கையும் வேண்டும் என்றால் நான் திரும்பத் திரும்ப ரூசவெல்ட்டுக்குத்தான் வருவேன்.

கைடு வேண்டுமா, மரினாவில் (படகுத்துறையில்) பொன்டூன் என்ற தட்டையான மேடைப் படகை வாடகைக்கு எடுத்து நாமே போகலாமா என்றும் கேட்கிறார்கள். நாலைந்து பேர் சாப்பாடு கட்டிக்கொண்டு பொழுதுபோக்கப் போனால் வாடகைப் படகு சரி. மீன் வேண்டும் என்றால் கைடுதான். தூண்டில், ரீல், இரை எல்லாம் அவரே கொண்டுவருவார். பாஸ் படகில் கைடைத் தவிர இரண்டு பேர்தான் வசதியாக நிற்க முடியும். மூன்றாவது ஆளை ஏற்றினால் யாருக்காவது முள் குத்தும். அரை நாளுக்கே சில நூறு டாலர் ஆகிவிடும், டிப்ஸ் தனி. குழந்தையோடு என்றால் அரை நாள் போதும், பதினொன்றரைக்கு மேல் பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள்.

போனில் பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். மாநில மீன், வனவிலங்குத் துறையின் கைடு உரிமம் இருக்கிறதா? ஏரி டோன்டோ தேசிய வனத்துக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதியும் இருக்கிறதா? காற்றோ இடியோ வந்தால் தேதியை மாற்றித் தருவாரா? மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் போய் நான் ஒருமுறை அனுபவித்தேன். காற்று எச்சரிக்கை இருந்த மார்ச் நாளில், வராவிட்டால் முன்பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார் அந்த கைடு. போனோம். நாலு மணி நேரத்தில் பாதிக்கு மேல் ஒரு பாறை மறைவில் படகைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், மனைவிக்கு வாந்தி. அதற்குப் பிறகு அவள் ஏரிப்பக்கம் வர இரண்டு வருடம் ஆனது.

பத்து வயது முடிந்த எல்லோருக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும், ஒரு நாள் உரிமமும் கிடைக்கிறது. கைடிடம் உரிமம் இருப்பது உங்களுக்குச் செல்லாது. பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் படகில் உயிர்காப்பு ஜாக்கெட்டைக் கழற்றக்கூடாது. கைடிடம் உங்கள் பிள்ளை அளவுக்கு இருக்கிறதா என்று கேட்டு, இல்லாவிட்டால் வாங்கிக்கொண்டு போங்கள்.

தேதி விஷயத்தில், மார்ச் வேண்டும் என்றால் டிசம்பரிலேயே பேசிவிட வேண்டும், நல்ல கைடுகளின் வாரக்கடைசிகள் அதற்குள் போய்விடும். அக்டோபர், நவம்பருக்கு ஆகஸ்டில் கூப்பிட்டால் போதும். தீபாவளி அந்த வாரங்களில்தான் வரும் என்பதால் காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சாண்ட்லரிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம், காலை ஆறுக்கு ஏரியில் படகு இறக்கும் இடமான விண்டி ஹில்லில் நிற்க வேண்டும் என்றால் நாலு மணிக்குக் கிளம்பணும். இட்லியை முந்தின ராத்திரியே மிளகாய்ப்பொடி தடவிக் கட்டி வையுங்கள், ஒன்றிரண்டு கைடுக்கும் சேர்த்து.